42 டிகிரி வெயில்ல ஏசி 30-க்குக் கீழ இறங்க மாட்டேங்குது: கேஸ் போயிடுச்சா, ரூம்தான் காரணமா?

மாடிவீட்டுக்காரன் (வேலூர்)

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில ரெண்டாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடிதான். 12-க்கு 13 ரூம். 1.5 டன் ஸ்பிளிட், 3 ஸ்டார், இன்வெர்ட்டர் மாடல் இல்ல, 2018-ல வாங்கினது. கத்திரி ஆரம்பிச்சதுல இருந்து மதியம் ஒரு மணிக்குப் போட்டா ராத்திரி பத்து வரைக்கும் ரூம் 30-க்குக் கீழ வரவே இல்ல. ரிமோட்ல 18 வெச்சுப் பார்த்தாச்சு, டர்போவும் அழுத்தியாச்சு. கம்ப்ரசர் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. விடியக்காலம் மட்டும் போர்வை கேட்கிற அளவுக்குக் குளிருது.

வந்த மெக்கானிக் பைப்பைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் இறங்கிடுச்சு சார், 3,500 ஆகும்"ன்னார். போன வருஷமும் இதே மாசம் இதே வசனம், இதே காசு. அந்த ரூம்ல அப்பா இருக்கார். 76 வயசு, சுகரும் பிபியும் உண்டு. அவருக்காகத்தான் இவ்வளவு அவசரம். கேஸ் போடவா, புதுசே வாங்கிடவா?

கோவைக் கணக்கு

18 வெச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கிறதை முதல்ல விடுங்க. உங்க மாடல்ல கம்ப்ரசர் ஒண்ணு ஓடும், இல்ல நிக்கும், நடுவுல வேற எதுவும் கிடையாது. 18 வெச்சாலும் 26 வெச்சாலும் வர்ற காத்து ஒரே சில்லுதான். எங்க நிக்கணும்ங்கிறதைத்தான் அந்த நம்பர் சொல்லுது. 30-க்கே வராத ரூமுக்கு 18 வெச்சா அது ஒருநாளும் நிக்காது. ஒன்றரை டன் பழைய மாடல் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். தினம் பத்து மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 900 யூனிட் ஏசிக்கு மட்டுமே. 500 யூனிட் தாண்டினா ரேட் ஸ்லாப் மாறிடும்னு தெரியுமில்ல?

மாடிவீட்டுக்காரன் (வேலூர்)

பில்லைப் பத்தி அப்புறம் அழுதுக்கறேன் அண்ணா. இப்போ குளிரணும்.

மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

தம்பி, யாருக்கும் காசு கொடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. இந்தத் தொழில்ல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், அதனால சொல்றேன். ஏசியில கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற சாமான் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்தி வந்துக்கிட்டே இருக்கிறது. குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். லீக்கைக் கண்டுபிடிக்காம வருஷா வருஷம் கேஸ் ஏத்துறவர் உங்க ஏசியைப் பார்க்கல, உங்க பர்ஸைத்தான் பார்க்கறார்.

பைப்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்றதெல்லாம் வேலைக்கு ஆகாது. மெடிக்கல்ல, இல்ல ஆன்லைன்ல, ஒயர் வெச்ச சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும். கதவு ஜன்னலைச் சாத்திட்டு ஏசியை 20 நிமிஷம் முழு ஃபேன் ஸ்பீடுல ஓட விடுங்க. உள் யூனிட்டு மேல காத்து உள்ள போற இடத்துல ஒரு ரீடிங், கீழ காத்து வெளிய வர்ற வாயில ஒரு ரீடிங் எடுங்க. வேலூர் மாதிரி வறண்ட ஊர்ல வித்தியாசம் 10, 12 டிகிரி இருந்தா மிஷின் தன் வேலையைச் செய்யுது. 5, 6 தான்னா மிஷின்ல கோளாறு. சென்னைக்காரங்க இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்க வேணாம். அங்க ஈரப்பதத்தைப் பிழியறதுக்கே பாதி சக்தி போயிடும், வித்தியாசம் கம்மியாத்தான் காட்டும்.

கூடவே நாலு விஷயம் பாருங்க. உள்ள காயில்லயோ வெளிய சின்ன பைப்லயோ ஐஸ் கட்டுதா? அவுட்டோர் ஃபேன் முழு வேகத்துல சுத்துதா? ஸ்டெபிலைசர்ல எவ்வளவு காட்டுது? அவுட்டோர் யூனிட் எங்க, எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கு? போட்டோ போடுங்க.

தாம்பரம் டீச்சர்

இதற்கிடையில் அப்பாவை மதிய நேரத்தில் கீழ்வீட்டில் யாரிடமாவது உட்கார வைக்க முடியுமா, பாருங்கள். மேல் மாடிக்கும் அதற்குக் கீழ் மாடிக்கும் பகலில் நல்ல வித்தியாசம் இருக்கும். ஏசியைச் சரிசெய்வது இரண்டு நாள் வேலை, அவருக்கு இன்றைக்கே நிழல் வேண்டும்.

மாடிவீட்டுக்காரன் (வேலூர்)

டீச்சர், கீழ்வீட்டு மாமா நல்ல மனுஷன், கேட்டதும் சரின்னுட்டார். அப்பா ரெண்டு நாளா மதியம் அங்கதான் சீட்டாடிக்கிட்டிருக்கார்.

மெக்கானிக் அண்ணா, ரீடிங் எடுத்தேன். மதியம் மூணு மணி: மேல 33, கீழ 22. ஐஸ் எதுவும் இல்ல. ஃபேன் சுத்துது. ஸ்டெபிலைசர் பகல்ல 215, ராத்திரி பத்தரைக்கு மேல 185-க்கு வந்துடுது. அவுட்டோர் மொட்டை மாடித் தரையில இருக்கு, கைப்பிடிச் சுவரைப் பார்த்து. நடுவுல ஒரு அடி இருக்கலாம். ஒரு பக்கம் சின்டெக்ஸ் டேங்க். போட்டோ போட்டிருக்கேன்.

மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

33-க்கு 22, பதினொரு டிகிரி இறக்குது. கேஸ் சரியா இருக்கு. அந்த 3,500-ஐ வெச்சு வேற வேலை பார்ப்போம்.

இப்போ போட்டோவுக்கு வர்றேன். அவுட்டோர் யூனிட் முதுகுப் பக்கமா காத்தை இழுத்து முன்பக்கமா சூடா ஊதும். உங்களுது ஊதுற சூட்டைக் கைப்பிடிச் சுவர் அப்படியே திருப்பி அனுப்புது, அதையே மறுபடி இழுக்குது. வெளிய 42-ன்னா உங்க யூனிட் குடிக்கிற காத்து ஐம்பதைத் தொட்டாலும் ஆச்சரியமில்ல. அதைத் திருப்பிப் போட்டு, ஊதுற பக்கம் திறந்த வெளியா வையுங்க. முதுகுக்கும் சுவருக்கும் ஒரு அடி விடுங்க. பைப் நீளம் போதும்னா அரை நாள் வேலைதான். ஆனா பைப்பை வளைக்கிறது தெரிஞ்ச ஆள்தான் செய்யணும். மடங்குச்சுன்னா அப்போ நிஜமாவே கேஸ் பிரச்னை வரும்.

போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். பின்பக்கத் தகட்டுல மஞ்சளா அடைஞ்சிருக்கிறது வேப்பம்பூ. பக்கத்துல மரம் இருக்கா? சித்திரையில பூத்துக் கொட்டறது முழுக்க அதுலதான் ஒட்டும். மேல தூசி, அதுக்கு மேல புறா இறகு. காத்து எப்படிப் போகும்? எம்சிபியை (ஏசி லைனோட ட்ரிப் சுவிட்ச்) ஆஃப் பண்ணிட்டு முதல்ல காய்ஞ்ச பிரஷ்ஷால மேலிருந்து கீழா நீவி எடுங்க. குறுக்க தேய்ச்சா தகடு படுத்துடும். அப்புறம் தோட்டத்துக் குழாய்ல லேசான தண்ணி. பைக் கழுவுற பிரஷர் பம்ப்பைக் கிட்ட வெச்சு அடிக்கவே கூடாது. ஒயர் போற பக்கத்துல தண்ணி படக் கூடாது. மூடியைத் திறக்கவும் வேணாம். உள்ள இருக்கிற கெபாசிட்டர் கரன்ட்டை நிறுத்தின பிறகும் அடிக்கும்.

தண்டையார்பேட்டை தம்பி

நான் மதியத்துல அவுட்டோர் மேல பக்கெட் தண்ணி ஊத்துவேன். அஞ்சே நிமிஷத்துல உள்ள சில்லுன்னு ஆயிடும். செலவே இல்லாத வைத்தியம்.

மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

அந்த நேரத்துக்குக் குளிரும், மறுக்கல. போர் தண்ணியா?

தண்டையார்பேட்டை தம்பி

ஆமா.

மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

உப்பு படியும். பக்கெட்ல வெள்ளையா விடாப்பிடியா ஒட்டுதே, அதேதான் அலுமினியத் தகட்டுலயும் ஒட்டும். காத்துப் போற வழி அடைபடும், நாளாவட்டத்துல தகடே அரிச்சுப் பொடியா உதிரும். உங்க பக்கம் ஏற்கெனவே கடல் காத்து வேற. மாசத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணியில கழுவறது வேற, தினம் சூட்டுல ஊத்தறது வேற.

தஞ்சாவூரான் (தோஹா)

புது ஏசி பத்திக் கேட்டீங்க, அதுக்கு மட்டும் சொல்றேன். இங்க 46, 47 எல்லாம் சாதாரணம். ஆனா இங்க விக்கிற மிஷின் டி3 ரகம், 46 டிகிரி வெளிச்சூட்டுல சோதிச்சு டன் கணக்கு போட்டது. நம்ம ஊர்ப் பெட்டியில ஒன்றரை டன்னுன்னு போடறது பெரும்பாலும் 35 டிகிரி வெளிச்சூட்டுல அளந்த கணக்கு. 42-ல அந்த ஒன்றரை டன் வராது, குறைஞ்சுதான் வரும். அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தா இன்னும் குறையும். "52 டிகிரி வரை இயங்கும்"னு விளம்பரத்துல பார்த்திருப்பீங்க. இயங்கும், அணையாம ஓடும், அவ்வளவுதான். முழு குளிர்ச்சி தரும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. வாங்கறதா இருந்தா, கேட்லாக்ல 43 டிகிரிக்கோ 46 டிகிரிக்கோ எவ்வளவு வாட்ஸ் குளிர்ச்சின்னு தேடுங்க. சில கம்பெனி போடறாங்க. போடாத கம்பெனியை நான் வாங்க மாட்டேன்.

கோவைக் கணக்கு

ஸ்டார் லேபிளையும் சேர்த்துக்கோங்க. வருஷத்துக்கு இத்தனை யூனிட்டுன்னு போட்டிருக்கிறது 1,600 மணி நேரத்துக்கு. வேலூர்க்காரங்க பங்குனியில ஆரம்பிச்சு ஐப்பசி வரைக்கும் ஓட்டுவாங்க, லேபிள் கணக்கெல்லாம் ஆடிக்குள்ளயே முடிஞ்சிடும்.

மாடிவீட்டுக்காரன் (வேலூர்)

அண்ணா, யூனிட்டைத் திருப்பிப் போட்டாச்சு, வேப்பம்பூவையும் ஒரு முறம் அளவுக்கு எடுத்தாச்சு. ரசமே வெச்சிருக்கலாம்னு அம்மா சொல்றாங்க. ரூம் இப்போ மதியம் 28.5-க்கு வருது. ஆனா ஒரு குழப்பம். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய வெயில் இறங்குது, ஏழரை எட்டு மணிக்கு ரூம் மறுபடி 29, 29.5-ன்னு ஏறுது. மதியத்தைவிட ராத்திரி ஏன் மோசமா இருக்கு?

சுண்ணாம்புக் கொத்தன் (மதுரை)

ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைக் கையால தொட்டுப் பாருங்க. எட்டு மணிக்குத் தொடுங்க.

மாடிவீட்டுக்காரன் (வேலூர்)

தொட்டேன். கையை வெச்சுக்கிட்டே இருக்க முடியல.

சுண்ணாம்புக் கொத்தன் (மதுரை)

அதான் விடை. கான்கிரீட் பகல் முழுக்க சூட்டைக் குடிக்கும். மேல குடிச்சது அடிப்பக்கம் இறங்கி வர நாலஞ்சு மணி நேரம் ஆகும். மதியம் மூணு மணிச் சூடு உங்க சீலிங்குக்கு வந்து சேர்றது ராத்திரி ஏழு எட்டுக்கு. உங்க ஏசி சூரியனோட சண்டை போடல, 150 சதுர அடிக் கல்லோட சண்டை போடுது. கேஸ் போட்டாலும் புதுசு வாங்கினாலும் கல்லு அங்கயேதான் இருக்கும்.

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகள்ல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து மேல அடிச்சு, அதுக்கு மேல தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிப்பாங்க. இப்போ காசை மிச்சம் பிடிக்கிறோம்னு வெறும் கான்கிரீட்டோட விட்டுடறாங்க. கேட்டா பின்னால இன்னொரு மாடி எடுக்கப் போறோம்பாங்க. அந்த மாடி வர்ற வரைக்கும் கீழ இருக்கிறவங்க வேகணும்.

இந்த வருஷத்துக்கு வழி: தளத்தை நல்லாக் கூட்டிக் கழுவிக் காய விட்டு, வெடிப்பை அடைச்சு, வெள்ளை அடிங்க. கடையில கூல் ரூஃப் பெயின்ட்டுன்னு கேட்டா தருவாங்க, ரெண்டு கோட். அவ்வளவு செலவு வேணாம்னா நீத்த சுண்ணாம்புல கொஞ்சம் பசை கலந்து ரெண்டு கை அடிங்க. ஐப்பசி மழையில கரைஞ்சு போயிடும், அடுத்த மாசியில மறுபடி அடிக்கணும். அடிக்கிறது காலையில எட்டு மணிக்குள்ள முடியணும். சூட்டுத் தளத்துல அடிச்சா ஒட்டாம பொருக்கு தட்டிடும். வெள்ளையில அழுக்கு சேரச் சேர வெயிலைத் திருப்பி அனுப்பற சக்தி குறையும், அதனால நடுவுல ஒரு தடவை கழுவி விடுங்க.

இன்னும் பண்ண முடியும்னா பச்சை நிழல் வலையை ஆளுயரத்துக்குக் கட்டுங்க. தளத்துக்கும் வலைக்கும் நடுவுல காத்து ஓடணும். தரையில விரிச்சுப் போட்டா பாதிப் பலன்தான்.

தண்டையார்பேட்டை தம்பி

மொட்டை மாடியில தண்ணி நிறுத்தி வைக்கலாமே? இல்ல ஈரச் சாக்கு?

சுண்ணாம்புக் கொத்தன் (மதுரை)

ஈரச் சாக்கு வேலை செய்யும், தண்ணி வசதி இருக்கிற வீட்டுக்கு. கத்திரியில வேலூர்ல குடிக்கவே லாரிக்கு நிக்கிற தெரு உண்டு. தண்ணியைத் தேக்கறது மட்டும் வேணாம். வாட்டர் புரூஃப் இல்லாத தளம்னா கம்பி துருப்பிடிச்சு சீலிங் பேர்ந்து விழும்.

தாம்பரம் டீச்சர்

ஏசியோடு சீலிங் ஃபேனையும் ஓட்டலாம்தானே? 26 வைத்து ஃபேன் போட்டால் 24 வைத்த சுகம் கிடைக்கிறது, மின்சாரமும் குறைகிறது என்பது என் அனுபவம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பிஇஇ (ஸ்டார் லேபிள் தரும் மத்திய அரசு அமைப்பு) சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து வரும் ஏசிகளைப் போட்டவுடனே 24-ல் நிற்கும்படி செய்ததும் அதற்குத்தான்.

தஞ்சாவூரான் (தோஹா)

டீச்சர், மேல் மாடியில மட்டும் இது உதைக்கும். சீலிங்குக்குக் கீழ தேங்கி நிக்கிற சூட்டை ஃபேன் கிளறி கட்டில்ல கொட்டும்.

தாம்பரம் டீச்சர்

நானும் மேல் மாடிதான். எனக்கு ஒன்றும் கொட்டவில்லை.

தஞ்சாவூரான் (தோஹா)

உங்க தளத்துல தட்டோடு இருக்கும்.

தாம்பரம் டீச்சர்

இருக்கிறது. சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

ரெண்டு பேர் சொல்றதும் நடக்கும். வெள்ளை அடிக்காத தளம்னா ராத்திரி பத்து வரைக்கும் சீலிங் ஃபேனை நிறுத்திட்டு டேபிள் ஃபேனைக் கட்டிலைப் பார்த்து வையுங்க. அப்புறம் சீலிங் ஃபேன் போடலாம். ஏசி ஓடற ரூம்ல ஏர் கூலரை மட்டும் சேர்த்து ஓட்டிடாதீங்க. ஒண்ணு ஈரத்தை ஏத்தும், இன்னொண்ணு அதையே இறக்கும், ரெண்டுக்கும் கரன்ட் பில் நீங்க கட்டுவீங்க.

தம்பி, ஏசியை மதியம் ஒரு மணிக்குப் போடறேன்னீங்க. பதினோரு மணிக்கே 26-ல போட்டுடுங்க. சுவரும் கட்டிலும் மெத்தையும் சூடேறின பிறகு இறக்கறது கஷ்டம், ஏறாம பிடிச்சு வைக்கிறது சுலபம். ரூம்ல அட்டாச்டு பாத்ரூம் இருந்தா எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதான்னு பாருங்க. குளிர்ந்த காத்தை அது உறிஞ்சி வெளிய தள்ளும், அந்த இடத்துக்குக் கதவிடுக்கு வழியா 42 டிகிரி உள்ள வரும். கதவுக்கடியில பழைய வேட்டியை உருட்டி வெச்சாலே போதும்.

மேல்விஷாரம் நர்ஸ்

ஏசிப் பேச்சு நடுவுல வர்றேன், ஆனா அப்பாவுக்கு 76-ன்னு படிச்சதுல இருந்து மனசு கேட்கல. வயசானவங்களுக்குத் தாகம் சரியாத் தெரியாது. "வேணாம்பா"ன்னுதான் சொல்லுவாங்க. கேட்காம மணிக்கொரு தடவை கையில டம்ளரைக் கொடுங்க. பிபிக்குத் தண்ணி மாத்திரை (சிறுநீரை அதிகமாப் போக வைக்கிறது) போடறாரா? இதயத்துக்கோ கிட்னிக்கோ தண்ணி அளவு சொல்லியிருக்காங்களா? அப்படின்னா எவ்வளவு கொடுக்கலாம், மாத்திரையை என்ன செய்யலாம்னு டாக்டர்கிட்ட இன்னைக்கே போன்ல கேட்டுடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க. ஓஆர்எஸ்-ல உப்பும் சர்க்கரையும் இருக்கு. சுகர், பிபிக்காரருக்கு ஜூஸ் மாதிரி ஊத்திக் கொடுக்கிற சாமான் இல்ல அது. இன்சுலின் போடறவரா இருந்தா மருந்தை வெச்சிருக்கிற இடத்தையும் பாருங்க.

கரன்ட் போயிட்டா ஈரத் துணியால கழுத்து, அக்குள், கை கால் துடைச்சு விட்டு விசிறிவிடுங்க. ரூம் 40 டிகிரியைத் தாண்டிட்டா ஃபேன் காத்து உடம்பை இன்னும் சூடாக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அப்போ கீழ்வீடுதான் வழி.

இதை மட்டும் மறக்காதீங்க: பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம பேசறார், எழுப்பினா சரியா எழல, உடம்பு அனலாக் கொதிக்குது. இதுல எது தெரிஞ்சாலும் தூக்கக் கலக்கம்னு விடாதீங்க. 108-க்குப் போன். வண்டி வர்றதுக்குள்ள தண்ணி ஊத்தி ஈரப்படுத்தி விசிறணும். நினைவு சரியில்லாதப்போ வாயில எதுவும் ஊத்தக் கூடாது. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சதே சும்மா இல்ல.

மாடிவீட்டுக்காரன் (வேலூர்)

அக்கா, ரொம்ப நன்றி. தண்ணி மாத்திரை போடறார். டாக்டர்கிட்ட பேசிட்டேன், வந்து பிபி பார்த்துக்கச் சொன்னார். நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

தளத்துக்குச் சுண்ணாம்புதான் அடிச்சோம், நானும் தம்பியும் விடியக்காலம் அஞ்சு மணிக்கே ஏறி. எட்டு மணிக்கு சீலிங்கைத் தொட்டா இப்போ சூடு இருக்கு, ஆனா கையை வெச்சுக்க முடியுது. 26-ல வெச்சா ஒன்பது மணிக்குள்ள கம்ப்ரசர் நின்னு நின்னு ஓட ஆரம்பிக்குது. அந்த "டக்" சத்தம் கேட்டதும் வீட்ல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சோம். புது ஏசி இந்த வருஷம் இல்ல.

பாக்கி இருக்கிறது வோல்டேஜ்தான். நேத்து ராத்திரி 170-க்கு வந்து ஸ்டெபிலைசர் கட் பண்ணிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரர், "ஸ்டெபிலைசரைக் கழட்டிட்டு நேரா போடு, ஓடும்"ங்கறார்.

மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

நேரா போடவே போடாதீங்க. 170-ல கம்ப்ரசர் கிளம்ப முடியாம உறுமும், கரன்ட்டை ஏகத்துக்கு இழுக்கும், காயில் எரியும். கட் பண்ணதுதான் உங்க கம்ப்ரசரைக் காப்பாத்திச்சு. திரும்ப வரும்போது மூணு நிமிஷம் தாமதம் பண்ணுதே, அதையும் பட்டனை அழுத்தித் தாண்டாதீங்க. அப்படியே பிளக்கும் சாக்கெட்டும் சூடாகுதான்னு தொட்டுப் பாருங்க. ஏசிக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், தனி எம்சிபி இருக்கணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி ஓட்டறவங்க இதைப் படிச்சா இப்பவே பிடுங்கிடுங்க.

கோவைக் கணக்கு

மூணு ஃபேஸ் கனெக்‌ஷனா? மெயின் பக்கத்துல ஃபேஸ் மாத்தற சுவிட்ச் இருக்கும். எந்த ஃபேஸ்ல வோல்டேஜ் நல்லா இருக்குன்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க. ஆனா தெருவுல எல்லாரும் அதே நல்ல ஃபேஸுக்கு மாத்தினா ஒரு மணி நேரத்துல அதுவும் படுத்துடும். தெருக்காரங்க நாலு பேர் சேர்ந்து எத்தனை மணிக்கு எவ்வளவு வோல்டேஜ்னு ஒரு வாரம் குறிச்சு, கையெழுத்துப் போட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல கொடுங்க. மின்னகத்துலயும் (மின்வாரியப் புகார் மையம்) பதிஞ்சு நம்பர் வாங்கிக்கோங்க. டிரான்ஸ்ஃபார்மர் லோடைப் பிரிக்கணும்னா பேப்பர்ல இருந்தாத்தான் நடக்கும். ஏசி போட்டப்போ வீட்டு லோடை (மின்வாரியத்துல பதிஞ்சிருக்கிற கிலோவாட் அளவு) ஏத்தி எழுதிக் கொடுத்தீங்களா? இல்லன்னா அதையும் முடிச்சுட்டுப் போங்க, முதல் கேள்வியே அதுதான் வரும்.

மாடிவீட்டுக்காரன் (வேலூர்)

லோடு ஏத்தல. இந்த வாரமே எழுதிக் கொடுத்துடறேன். கீழ்வீட்டு மாமா கையெழுத்து வாங்கிட்டார், எதிர்வீட்ல ரெண்டு பேர் தர்றேன்னிருக்காங்க.

ராணிப்பேட்டை ரவுண்டானா

இழை முழுக்கப் படிச்சேன். என்னுது ஜன்னல் ஏசி, ஒரு டன், வித்தியாசம் அளந்தா 5 தான் வருது, முன்னால ஐஸ் வேற கட்டுது. எனக்காவது கேஸ் போடலாமா?

மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

முதல்ல ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க. ஏசியை ஃபேன் மோடுல மட்டும் ரெண்டு மணி நேரம் விட்டு ஐஸ் முழுக்க உருகட்டும். கத்தியால சுரண்டாதீங்க. அப்புறம் குளிர்ல போட்டு மறுபடி அளங்க. ஃபில்டர் சுத்தமா இருந்தும் ஐஸ் கட்டினா நீங்க ஆளைக் கூப்பிடலாம். வந்தவர்கிட்ட முதல்ல லீக்கைக் காட்டச் சொல்லுங்க. நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை வெச்சுப் பார்க்கணும். அடைச்சதுக்கு அப்புறம் பம்ப் வெச்சு வேக்கம் போடணும், அதாவது குழாய்க்குள்ள இருக்கிற காத்தை முழுக்க உறிஞ்சி எடுக்கணும். கேஸை எடை மிஷின்ல வெச்சு, ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு ஏத்தணும். எடை மிஷின் கொண்டு வரலைன்னா டீ கொடுத்து அனுப்பிடுங்க.